கோல்பெய்ன் வீட்டு வெளிச்சம்

ஸ்கார்வே தீவின் குளிர்கால வானத்தில் பச்சையாக ஆடும் வடக்கு வெளிச்சத்தை, நடுக்குளிரில் வரும் தோரி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஆஸி பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. அன்று பேய்க்காற்று. மீட்புக் குழுவில் பதினெட்டு வருடம் இருந்த ஒருவனுக்கு அந்த மாதிரிக் காற்றில் உலகத்துப் பொருள்கள் இரண்டே வகை: கட்டியவை, கட்டாதவை. குழந்தைகள் குதிக்கும் வலைமேடை, கூரைத் தகரம், குப்பைத் தொட்டி, ஒருமுறை பாதிரியார் என்று பறந்துபோன எல்லாவற்றையும் அவன் பாய்ந்து பிடித்துக் கட்டியிருக்கிறான். அன்றைக்கும் இன்னும் விடியாத இருட்டில் பச்சையாக ஏதோ படபடத்துக்கொண்டு தாழ வந்ததும், யாரோ படகை மூடிவைத்த தார்ப்பாய் என்று நினைத்து நுனியைப் பிடித்துவிட்டான். தன் வீட்டுக் கம்பத்தில் கட்டியிருக்கலாம். ஆனால் அன்று ஆண்பிள்ளைகளின் நாள். வீட்டுத் தலைவன் கால்சட்டையில் ஒரு காலை மட்டும் நுழைத்து, மற்றதைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் வீட்டைச் சுற்றிக் குதித்து தோரி மாதத்தை வரவேற்க வேண்டும். சுற்று முடியும்வரை இரண்டாவது கால் தரையில் படக் கூடாது. தீவில் மற்றவர்கள் இந்த வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார்கள். குளிர்கால விடுமுறைக்கு வரும் விருந்தினர்கள் படம் எடுப்பார்கள் என்பதற்காக ஆஸி விடவில்லை. காற்று அவனை வேலி தாண்டித் தள்ளியிருந்தது. ஒற்றைக் காலில் நிற்பவனுக்குக் கைக்கு எட்டுவதுதான் கம்பம். கட்டினான். குதித்துக் குதித்துத் திரும்பிவந்து சுற்றை முடித்தான். கைவிளக்கோடு நின்ற விருந்தினர்கள் கைதட்டினார்கள். பதினோரு மணிக்குக் காற்று அடங்கியது, வெளிச்சம் போகவில்லை.

ஆஸிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. முழுப் பெயர் அஸ்முந்துர். வரி அலுவலகக் கடிதத்தைத் தவிர வேறு யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவனும் மனைவி ஹல்பேராவும் தீவின் ஒரே விடுதியை நடத்தினார்கள். ஆறு அறை, ஒரு சாப்பாட்டுக் கூடம், நனைந்த பூட்ஸ் வாசனை. நவம்பரிலிருந்து மார்ச் வரை, வெயில் தாராளமாக இருக்கும் ஊர்களிலிருந்து மனிதர்கள் பணம் கொடுத்துக் குளிரைத் தேடி வந்தார்கள். அதே மாதங்களில் தீவுக்காரர்கள் கையில் கொஞ்சம் சேர்ந்தால் தெற்கே தெனெரிஃபே தீவுக்கு வெயில் காயப் போனார்கள். படகுத்துறையில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே கடக்கும்போது ஒன்றையொன்று பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து தப்பியதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளும். ஹல்பேராவையும் ஒருமுறை தெனெரிஃபேக்குக் கூட்டிப்போவதாக ஆஸி பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லா வருடமும் மார்ச்சில் கூரை ஒழுகியது.

விடுதியில் ஆஸியின் பெரிய வேலை கதவு தட்டுவது. கூடத்துச் சுவரில் ஒரு தாள் தொங்கும். வெளிச்சம் வந்தால் எழுப்பச் சொல்லி விருந்தினர்கள் அதில் பெயர் எழுதுவார்கள். வெளிச்சம் வந்ததும் ஆஸி அறை அறையாகப் போய்த் தட்டி, ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு வேடிக்கை சொல்லி, அவர்களைப் போர்வையோடு வாசலுக்கு இழுத்துவருவான். அவர்கள் மேலே பார்ப்பார்கள், வாயைப் பிளப்பார்கள், பிறகு திரும்பி ஆஸியைப் பார்ப்பார்கள், என்னவோ அவனே மத்தியானம் உட்கார்ந்து அதைப் பின்னி முடித்தவன் மாதிரி. அந்தப் பார்வைக்காக அவன் எத்தனை கூரை வேண்டுமானாலும் ஒழுகவிடுவான். ஹல்பேராவும் சமையலறைக் கதவில் சாய்ந்து அதே மாதிரி பார்ப்பாள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டில் கோல்பெய்ன் இருந்தான். மீன்பிடிக் கப்பலில் எந்திரம் பார்த்து ஓய்வுபெற்றவன், உயரம், கல்யாணம் ஆகாதவன். பேச வேண்டியது வந்தால் மூன்று தடவை யோசித்து, பிறகு பேசாமல் விட்டுவிடுவான். தீவுப் பெண்கள் அவனை ஆழமான மனிதன் என்றார்கள். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், மாலுமிகள் நாள் நடனத்தில், ஹல்பேரா சாயங்காலம் முழுவதும் கோல்பெய்னோடு ஆடினாள். முடிந்து கோட்டு மாட்டும் இடத்தில் ஆஸி ஒரு வேடிக்கை சொன்னான், அவள் சிரித்தாள், சிரித்தபடியே அவனோடு நடந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து ஆஸிக்கு ஒரு பயம் உண்டு. சிரிப்புக்காக வந்தவள் சிரிப்பு தீர்ந்தால் என்ன செய்வாள்? எனவே அவன் நிறுத்தவில்லை. சாப்பாட்டின்போது, பாத்திரம் கழுவும்போது, அவள் அத்தை இறந்த வீட்டில்கூட, வேடிக்கை சொல்லிக்கொண்டே இருந்தான். கயிறு விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால்தான் படகு கரையில் நிற்கும் என்று நம்புகிறவன் அப்படித்தான் செய்வான்.

வெளிச்சம் கட்டுப்பட்ட மூன்றாம் நாள் தீவு மன்றம் கூடியது. காபி, கேக், எண்பத்து மூன்று பேரில் ஐம்பத்தைந்து பேர். முடிச்சுப் போட்டவனே அவிழ்க்க வேண்டும் என்று முதல் தீர்மானம். ஆஸி போய்ப் பார்த்தான். முடிச்சு போட்டது அவன் கை, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும்போது போட்டது. இரண்டு காலில் நின்ற கைக்கு அது ஞாபகம் வரவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஆறு பேர் தோளைப் பிடிக்க, மத்தியானம் முழுவதும் நின்று பார்த்தான். மேலே வெளிச்சம் இழுக்க இழுக்க முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. அவன் போட்ட முடிச்சு ஒன்றுகூட இதுவரை அவிழ்ந்ததில்லை என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும். அதை அதிகம் சொன்னவனும் அவன்தான். பிறகு கோல்பெய்ன் எழுந்தான். மூன்று தடவை யோசித்தான்.

"கம்பத்த வெட்டிடட்டுமா?" என்றான்.

நீச்சல் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவளும் தோரி விருந்துக் குழுவின் தலைவியுமான ரன்வேய்க் அதற்குச் சம்மதிக்கவில்லை. "வெட்டினா கம்பத்தோட பறந்துடும். பயந்துபோன பறவை திரும்பி வருமா? இருக்கட்டும் விடு," என்றாள். ஐம்பத்திரண்டுக்கு நாலு என்ற கணக்கில் இருக்கட்டும் என்று முடிவானது. அந்த நாலு ஓட்டில் இரண்டு ஆஸியுடையவை. ஒற்றைக் காலில் நின்றதற்கு ஒன்று சேர்த்துக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு தீவில் வேறெங்கும் வெளிச்சம் வரவில்லை. கோல்பெய்ன் வீட்டின் மேல் மட்டும், மேகமோ மழையோ, பச்சையும் ஓரத்தில் இளஞ்சிவப்புமாக அது நின்று அசைந்தது. கோடையில் கண்ணுக்குத் தெரியாமல் ஈரப் போர்வை மாதிரித் தொங்கும். பார்க்காமல் போகிறவர்கள் தலை இடிக்கும் என்று ரன்வேய்க் அதில் சிவப்பு நாடா கட்டிவைத்தாள். அதன் கீழ் மேய்ந்த ஆடுகளின் மயிர் லேசாகப் பச்சை ஏறி, அந்தக் கம்பளிச் சட்டைக்கு ஊரில் நல்ல கிராக்கி. வாடை கிடையாது. அமாவாசையை ஒட்டிச் சின்னதாக ஒரு சத்தம் வரும், தூரத்தில் யாரோ பட்டுத்துணி மடிப்பதுபோல. தொந்தரவு என்று கோல்பெய்ன் ஒருநாளும் சொல்லவில்லை. தடித்த திரைச்சீலை ஒன்று வாங்கினான், அவ்வளவுதான்.

விருந்தினர்கள் ஆஸியின் விடுதியில் சாப்பிட்டுவிட்டு பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். கோல்பெய்ன் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு பெஞ்சு போட்டான். பெரிய குடுவையில் காபியும், முறுக்கிப் பொரித்த க்ளெய்னா பலகாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவான். அவன் காசு வாங்கியிருந்தால் ஆஸி அவனை வெறுத்து நிம்மதியாகத் தூங்கியிருப்பான். விருந்தினர் புத்தகத்தில் லீட்ஸ் நகரத்து அம்மாள் ஒருத்தி எழுதிவைத்துவிட்டுப் போனாள்: "வீட்டுக்காரர் வேடிக்கையான மனிதர். வெளிச்சம் பக்கத்து வீட்டில்." ஆஸி அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, கிழித்தால் பொறாமை என்பார்கள். அதன்மேல் காபி கொட்டினான். எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அவன் சும்மா இருக்கவில்லை. பெயர் எழுதும் தாளைச் சுவரிலேயே விட்டுவைத்து, வேறு விஷயங்களுக்கு ஆட்களை எழுப்பினான்: பனி, நரி, மிகவும் பெரிய அலை. விருந்தினர்கள் எழுந்துவந்து அலையைப் பார்த்துவிட்டு, அந்த வழியாகவே கோல்பெய்ன் முற்றத்துக்குப் போனார்கள். புளிக்கவைத்த சுறாவை இலவசமாகக் கொடுத்தான். அதற்கப்புறம் வாயைக் கொப்பளிக்க அவர்கள் கோல்பெய்னின் காபியைத் தேடிப் போனார்கள். கோல்பெய்ன் வீட்டைப் பார்த்த இடதுபக்கத்து மூன்று ஜன்னலிலும், காற்றுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி, பலகை அடித்தான். ஒரு விருந்தினர் பலகையில் கண்வைக்க ஓட்டை போட்டுவிட்டார். அந்த ஓட்டை ஆஸிக்கும் பிறகு உபயோகப்பட்டது.

ஏனென்றால் ஹல்பேராவும் போக ஆரம்பித்தாள். முதல் குளிர்காலத்திலேயே, டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள், மூன்று மணிக்கு இருட்டியதும், அவள் ஏப்ரனைக் கழற்றிவிட்டு கோட்டை மாட்டிக்கொண்டு வேலி தாண்டிப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சமையலறைக் கதவிலிருந்து பெஞ்சு வரை நாற்பத்தொரு தப்படி, ஆஸி எண்ணியிருக்கிறான். கோல்பெய்ன் காபி கொண்டுவந்தான். அவளோடு மட்டும் உட்கார்ந்தான். இருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் என்ன பேசினார்கள் என்று ஆஸி யோசித்து முடித்திருக்கலாம். பேசாமல் இருந்ததை எப்படி யோசித்து முடிப்பது? அரை மணி நேரம் கழித்து அவள் வந்து உருளைக்கிழங்கு உரித்தாள். முகத்தில் குளிர் இல்லை. மறுநாளும் போனாள். எல்லா நாளும் போனாள். பிறகு கோல்பெய்ன் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவதையும் ஓட்டை வழியாகப் பார்த்தான். அது சந்தேகத்தைக் குறைக்கவில்லை. யாரோ பார்ப்பது தெரிந்துதான் உள்ளே போகிறான் என்று முடிவுசெய்தான்.

அவன் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டான், அவனுக்குத் தெரிந்த விதத்தில்.

"என்ன, கோல்பெய்ன் இன்னிக்கு உலக விஷயமெல்லாம் பேசித் தீத்துட்டானா?"

"ம்."

"தொண்டை கட்டிக்கப்போகுது அவனுக்கு. தேன் ஏதாச்சும் குடுத்தனுப்பு."

"ம்."

தீவில் ஆமாம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள். அது ஆமாமாகவும் இருக்கும், இல்லையாகவும் இருக்கும், பால் பொங்குகிறது என்பதாகவும் இருக்கும். இருபத்தாறு வருடம் கூடவே இருந்தவனுக்கும் ஹல்பேராவின் அந்த மூச்சு எதைச் சொல்கிறது என்று பிடிபடவில்லை. கோல்பெய்னிடம் கேட்கலாம் என்று ஊர்ப் பொது வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து அவனையே பார்த்தான். கோல்பெய்ன் மூன்று தடவை யோசித்து, "தண்ணி இன்னிக்கு சூடு கம்மி," என்றான். ஆஸி அதையும் மூன்று நாள் யோசித்தான்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஆஸியின் தாடியில் உறைபனி பிடித்தது. குளிரில் எல்லார் தாடியிலும் பிடிப்பதுதான். இது அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தும் உருகவில்லை. வசந்தம் வந்தும் உருகவில்லை. ஜூலையில், வெயில் இறங்காத வாரத்தில், ஆஸி சட்டையில்லாமல் வேலிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோதும் தாடியின் ஒரு பக்கம் வெள்ளையாக விறைத்திருந்தது. எந்தப் பக்கம் என்றால், கோல்பெய்ன் வீட்டைப் பார்த்த பக்கம். அவன் திரும்பினால் உறைபனியும் தாடிக்குள் நகர்ந்து அந்தத் திசைக்கே போகும். மாதம் ஒருமுறை வரும் செவிலி அளவெடுத்து, பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி என்று எழுதிக்கொண்டு, சூடாகச் சாப்பிடச் சொன்னாள். வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் அது கண்டபடி இடம் மாறிக்கொண்டிருந்தது. அடுப்பு, கொதிக்கும் தண்ணீர், ஏதோ ஒன்றின் வேலை என்று ஆஸி விட்டுவிட்டான்.

மீனவர்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள். மூன்றாவது வருடம் மே மாதம், பத்தடி தூரம் தெரியாத மூடுபனியில், மீனவன் ஓட்டர் தன் படகில் கருவி பழுதாகி நின்றபோது, மீன் இறக்க உதவிக்கு ஏறியிருந்த ஆஸியை முன்னால் உட்காரவைத்து, முகத்தை மெதுவாகத் திருப்பச் சொன்னான். உறைபனி மூக்குக்கு நேர்கீழே வந்ததும், "அசையாத," என்றான். படகு நேரே துறைக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து மூடுபனி என்றால் ஆஸியைக் கூப்பிட்டார்கள். ஒரு நடைக்கு இரண்டு காட் மீன். பொறாமை என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. "தாடி வருதா?" என்பார்கள், "தாடிய ஏத்திக்கிட்டுப் போ," என்பார்கள். ஆஸியே அதை வைத்து வேடிக்கை செய்தான்: "ஊர்ல எல்லாருக்கும் பொண்டாட்டி வழி காட்டுவா. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன்." எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மாலை மூன்று மணிக்குப் போய் ஓட்டையில் கண்வைத்தான்.

ஐந்தாவது வருடம் அக்டோபரில் ஹல்பேரா பல் பிடுங்கிக்கொள்ளப் பெரிய கரைக்குப் போனாள். காலைப் படகில் போய் மறுநாள் வருவதாக ஏற்பாடு. அன்று மத்தியானம் மூடுபனி இறங்கியது. ஓட்டரும் ஆஸியும் வடக்கே வலை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். தாடி வழக்கம்போல நடுவுக்கு வந்தது, ஓட்டர் சுக்கானைப் பிடித்தான், படகு போனது. ஒரு மணி நேரத்தில் துறை வந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனது. மூன்றாம் மணியில் ஓட்டர், "தீவு எங்கடா போச்சு?" என்றான். ஆஸி தாடியைத் தொட்டுப் பார்த்தான். இரும்பு மாதிரி நேராக இருந்தது. "நேரப் போ," என்றான். நாலரை மணி நேரம் போனபிறகு மூடுபனி விலகி, எதிரே பெரிய கரையின் துறைமுகமும், அதன் மேல் மேட்டில் பல் வைத்தியர் வீட்டு விளக்கும் தெரிந்தன. அங்கே ஜன்னலோரம் வீங்கிய கன்னத்தில் துணி வைத்துக்கொண்டு ஹல்பேரா உட்கார்ந்திருந்தாள். தீவில் அந்த நேரம் கோல்பெய்ன் துறையில் நின்று, படகைக் காணோம் என்று, குடுவையில் காபியோடு குளிரில் காத்திருந்தான். வெளிச்சம் கம்பத்தில்தான் இருந்தது. ஒன்றுகூட இடம் மாறவில்லை, ஒருத்தியைத் தவிர.

ஓட்டர் எந்திரத்தை அணைத்துவிட்டு ஆஸியின் தாடியைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான், மறுபடி தாடியைப் பார்த்தான். பிறகு டீசல் போடப் போனான். ஆஸி, கருவி கெட்டுப்போய்விட்டது, தாடிக்கும் வயதாகிறது என்று ஒரு வேடிக்கை சொன்னான். ஓட்டர் சிரிக்கவில்லை. டீசல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஆஸி நினைத்தான்.

அந்த ஜனவரியில் தோரி விருந்து. தீவில் ஒரு மனிதனின் மதிப்பு விருந்தில் வாசிக்கும் ஆண்டறிக்கையில்தான் தெரியும். போன வருடம் யார் யார் என்னென்ன முட்டாள்தனம் செய்தார்கள் என்று குழு உட்கார்ந்து எழுதி, எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்கும். கேலி எவ்வளவு காரமோ அவ்வளவு பாசம். ஒருவன் பெயர் வரவில்லை என்றால் அவன் செத்துவிட்டான், அல்லது கேலி தாங்கும் நிலையில் இல்லை. இருபது வருடம் அதை எழுதியவன் ஆஸி. வெளிச்சத்தைக் கட்டிய வருடம், தன்னைப் பற்றித் தானே எழுதினால் நியாயமில்லை என்று விலகி, ரன்வேய்க்கிடம் கொடுத்துவிட்டான். ஒவ்வொரு வருடமும் அவனுக்கு இரண்டு பக்கமாவது இருந்தது. இந்த வருடம் தாடியை நம்பி நாலரை மணி நேரம் தப்பான திசையில் போன கதை இருக்கிறது. இதைவிடச் சுலபமாக ஒரு ஊருக்கு யாரும் சிரிப்பைத் தட்டில் வைத்துக் கொடுக்க முடியாது. ஆஸி நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பதிலுக்குச் சொல்ல மூன்று வேடிக்கைகளைத் தயார் செய்துகொண்டு போனான்.

ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். புகையிட்ட ஆட்டுக்கறி, ஆட்டுத் தலை, சுறா, கிழங்குச் சாராயம். சுற்றுலா வந்த பதினோரு பேரும் ஒரு மூலையில் உட்கார்ந்து, புரியாமல் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார்கள். ரன்வேய்க் வாசித்தாள். பாதிரியார் தன் பிரசங்கத்திலேயே தூங்கியது வந்தது. ஓட்டர் புது வலையைத் தானே சுக்கானில் சுற்றிக்கொண்டது வந்தது. கோல்பெய்ன் ஒரே நாளில் பதினான்கு வார்த்தை பேசி மூச்சு வாங்கியது வந்தது. கோல்பெய்ன் சிவந்துபோய்ச் சந்தோஷமாகத் தட்டைப் பார்த்தான். செவிலி வந்தாள், ஆடு வந்தது, செத்துப்போன பூனைகூட வந்தது. பிறகு ரன்வேய்க் தாள்களை மடித்தாள், எல்லாரும் பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். ஆஸி முட்கரண்டியோடு உட்கார்ந்திருந்தான்.

சமையலறையில் பாத்திரத் தொட்டியருகே அவளைப் பிடித்தான்.

"ரன்வேய்க், என் பக்கம் எங்க?"

"தாள் தீந்துபோச்சு, ஆஸி."

"பூனைக்கு ஒரு பக்கம் இருந்துதே."

"செத்தது பாவம் இல்லையா."

"நான் நாலரை மணி நேரம் தாடிய வச்சுப் படகு ஓட்டியிருக்கேன். நான் எழுதியிருந்தா அதுல மட்டும் ஆறு பக்கம் தேத்தியிருப்பேன்."

ரன்வேய்க் கையை ஏப்ரனில் துடைத்தாள். கூடத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். "எழுதினோம்டா," என்றாள். "மூணு பக்கம். நல்லாத்தான் வந்துது. ஓட்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்புறம் குழுவுக்கு வாசிச்சுக் காட்டினேன். தீவுல கோல்பெய்ன் இருக்கான், வெளிச்சம் இருக்கு, ஆனா தாடி ஹல்பேரா இருந்த எடத்தைப் பாத்துது, அந்த எடம் வந்துது. யாருக்கும் சிரிப்பு வரல. பாதிரியார் மூக்க உறிஞ்சினாரு. அதான் அடுப்புல போட்டுட்டோம்."

ஆஸி தயாராக வைத்திருந்த மூன்று வேடிக்கைகளில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. அவன் கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இடதுபக்கத்து ஜன்னல் பலகைகளைக் கழற்றினான். ஆணி வளையாமல் வந்ததை ஒரு டப்பாவில் போட்டான். ஹல்பேரா விருந்திலிருந்து வந்து, வெறும் ஜன்னலையும் அவனையும் பார்த்துவிட்டுத் தூங்கப் போனாள். ஐந்து வருடம் பக்கத்து வீட்டைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தவன், தன் தாடிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போனதே என்று உட்கார்ந்திருந்தான். தெரிந்துவிட்டால் மட்டும் பொறாமை போய்விடுவதில்லை. முன்பு அதற்கு நாற்பத்தொரு தப்படி நீளம் இருந்தது. இப்போது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

மறுநாள் மூன்றரை மணிக்கு, வானம் நீலமாக இருட்டிக்கொண்டு வரும்போது, ஹல்பேரா கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். ஆஸியும் வேலியைத் தாண்டினான். இந்த ஐந்து வருடத்தில் அவன் அந்த முற்றத்துக்குள் வந்ததில்லை. கம்பத்திலிருந்து வெளிச்சம் எழும்பி, மெதுவாகப் பிரிந்து, மறுபடி ஒன்றுசேர்ந்து, கூரைக்கு மேல் நின்றது. பக்கத்தில் வந்து பார்த்தால் தன் வீட்டுக் கதவிலிருந்து பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது, அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. விருந்தினர்கள் இரண்டு பேர் தலைக்கு மேலே தொங்கிய சிவப்பு நாடாவை விலக்கிவிட்டு வேலியோரம் போய் நின்றார்கள். சமையலறை ஜன்னல் வழியாக ஆஸியைப் பார்த்த கோல்பெய்ன், மூன்று கோப்பையோடு வெளியே வந்து, பெஞ்சில் வைத்துவிட்டு, மூன்று தடவை யோசித்தான்.

"ஒண்ணு எனக்கு," என்றான். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஆஸி ஹல்பேராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வாயில் ஒரு வேடிக்கை வந்தது. கோப்பையைப் பற்றியது, மோசமில்லாதது. அதைக் காபியோடு விழுங்கினான். அவன் பேசாமல் இருப்பதைக் கண்டு ஹல்பேரா திரும்பிப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணு கேக்கணும். நீ இங்க வர்றது கோல்பெய்னுக்காகவா?"

அவன் குரலில் பின்னால் சிரிப்பு ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஹல்பேரா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கைமேல் பச்சை வந்து போய்க்கொண்டிருந்தது.

"முத வருஷம் அவனுக்காகத்தான் வந்தேன்," என்றாள். "இவ்ளோ வருஷமா பேசாம இருக்கானே, உள்ள என்னமோ பெருசா வச்சிருப்பான்னு நெனச்சேன். ஒரு மாசம் பக்கத்துல உக்காந்து பாத்தேன். நல்ல மனுஷன். ஆழமெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா பேசமாட்டான், அவ்ளோதான்."

ஆஸி காத்திருந்தான். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் காதுக்காக வந்தேன். நீ காலைல அடுப்பு பத்த வக்கிறப்ப ஆரம்பிச்சா நிறுத்தமாட்ட. இங்க வந்து அர மணி நேரம் உக்காந்தா காது ஓஞ்சுபோயிடும். ஓஞ்ச பெறகு, நீ இன்னேரம் என்ன ஒளறிக்கிட்டு இருப்பன்னு தோணும். தோணினதும் எந்திரிச்சு வருவேன். இத்தன வருஷத்துல ஒருநாள்கூட அந்த அர மணி நேரம் முக்கா மணி ஆனதில்ல, ஆஸி. நீதான் எண்ணிக்கிட்டு இருந்தியே, ஒனக்குத் தெரியாதா?"